துட்டிக்கு வந்தவர்கள் சொன்ன அப்பா

அப்பாவையோ கணவரையோ பறிகொடுத்த வீட்டில் இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஒன்றுதான். பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் வீட்டுக்கு வருகிறவர்களிடம் பேசுங்கள், அவர்கள் சொல்வதை அன்றைக்கே எழுதி வையுங்கள். அந்த நாட்களில் வருகிற மாதிரி அதற்குப் பிறகு யாரும் வருவதில்லை. எங்கள் வீட்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்து துட்டி கேட்டுவிட்டு, அதாவது துக்கம் விசாரித்துவிட்டுப் போனவர்களில் பலரை எனக்கு முன்பின் தெரியாது, அதற்கப்புறம் பார்க்கவும் இல்லை. ஆனால் அப்பாவைப் பற்றி இன்று எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அவர்கள் சொன்னதுதான். வீட்டில் நாங்கள் பார்த்தது சாப்பிட உட்கார்கிற அப்பாவை, தூங்கப் போகிற அப்பாவை. மிச்ச நேரமெல்லாம் அவர் கடையில் இருந்தார், அந்த அப்பா மற்றவர்களிடம்தான் இருந்தார்.

கோவில்பட்டியில் மோட்டார் காயில் கட்டுகிற கடை அவருக்கு, அதாவது மோட்டாருக்குள் எரிந்துபோன செம்புக் கம்பிச் சுற்றை எடுத்துவிட்டுப் புதுசு கட்டிக் கொடுக்கிற கடை. தீப்பெட்டி, கடலைமிட்டாய், ஹாக்கி என்றுதான் வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊரைத் தெரியும், கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடும் வந்துவிட்டது. சுற்றுப்பட்டி கிராமங்களுக்கு கோவில்பட்டி என்றால் சந்தை, ஆஸ்பத்திரி, உரக்கடை, அப்புறம் எரிந்துபோன மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிற இடம். கரிசல் காடு பெரும்பாலும் மானாவாரி, மழையை நம்பித்தான் பருத்தியும் உளுந்தும் கம்பும். கிணறோ போரோ வைத்திருக்கிறவர்களுக்கு மோட்டார் நின்றால் எல்லாமே நின்றுவிடும். கழுகுமலை, கயத்தாறு, திருவேங்கடம், எட்டயபுரம் பக்கமிருந்தெல்லாம் டிவிஎஸ் ஃபிஃப்டியின் பின்னால் சாக்கு விரித்து, மோட்டாரைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு வருவார்கள். கூடவே மாவு மில் மோட்டார், தீப்பெட்டி ஆபீஸ் மோட்டார், வீட்டுக் கிரைண்டர்.

கேள்வி கேட்பதில் ஒரு விஷயம் இருக்கிறது. "அப்பா எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் எல்லாரும் ஒரே பதில்தான் சொல்வார்கள், "தங்கமான மனுஷன்." துக்க வீட்டில் வேறென்ன சொல்ல முடியும். அதனால் நான், "அப்பாவை முதல் முதலா எங்க, எதுக்காகப் பாத்தீங்க?" என்று கேட்க ஆரம்பித்தேன். இப்படிக் கேட்டால் ஊர், வருஷம், அந்த வருஷத்து மழை எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்கிறார்கள். ஒரு பெரியவர், "மக கல்யாணத்துக்கு ரெண்டு நாள் இருக்கையில என் மாவு மில்லு மோட்டாரு புகைஞ்சு போச்சு தாயி" என்று ஆரம்பித்தார். கழற்றி எடுத்துக்கொண்டு போய்க் கட்டிவர நேரமில்லை என்று அப்பா மில்லுக்கே போய் ராத்திரி முழுக்க உட்கார்ந்து காயில் கட்டியிருக்கிறார், பூசின வார்னிஷ் சீக்கிரம் காய வேண்டும் என்று பெரிய வாட் பல்பு ஒன்றை மோட்டாருக்குள் எரியவிட்டுப் பக்கத்திலேயே படுத்திருக்கிறார், மறுநாள் அந்த மில்லில்தான் கல்யாண முறுக்குக்கு மாவு அரைத்தார்களாம். கூலியோடு ஒரு வேட்டியும் வைத்துக் கொடுத்ததற்கு, வேட்டியை வாங்கிக்கொண்டு கூலியில் அந்தக் காசைக் குறைத்துக்கொண்டாராம். அந்தப் பெரியவர் இதைச் சொன்னபோது சிரித்தார், நாங்களும் சிரித்தோம், இறந்த வீடு என்று யாரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை.

இதற்கு நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். பெயர், ஊர், போன் நம்பர், அவர் சொன்னதில் இரண்டு மூன்று வரி. வருகிறவர் முகத்துக்கு முன்னால் நோட்டை விரித்து வைத்து எழுதாதீர்கள், பேச்சு நின்றுவிடும். கேட்டுவிட்டு, அவர் எழுந்து போன பிறகு உள்ளே போய் எழுதுங்கள். நம்மால் முடியாவிட்டால் வீட்டில் கொஞ்சம் நிதானமாக இருக்கிற ஒருவரிடம் ஒப்படைக்கலாம், எங்களுக்குச் சித்தப்பா மகன் அதைச் செய்தான். அவர்கள் பேசிய வார்த்தையையே எழுதச் சொன்னேன். "மோட்டாரு புகைஞ்சு போச்சு" என்றதை "மோட்டார் பழுதடைந்தது" என்று மாற்றி எழுதினால் படிக்கும்போது அந்த ஆள் ஞாபகத்துக்கு வரமாட்டார்.

அவருடைய வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், அதைத் தெரிந்துகொள்ளாமல் அவரைத் தெரிந்துகொள்ள முடியாது. காயில் எரிந்த மோட்டார் வந்தால் கருகின கம்பியை வெட்டி உருவி எடுத்து, கம்பி உட்கார்கிற காடியை, ஸ்லாட் என்பார்கள், சுரண்டிச் சுத்தம் செய்து, இன்சுலேஷன் பேப்பர் சொருகி, புதுக் காயிலை இறக்கி, கனெக்‌ஷன் கொடுத்து, வார்னிஷ் ஊற்றிக் காயவைக்க வேண்டும். பழைய காயிலில் எத்தனை சுற்று, கம்பி என்ன கேஜ், அதாவது எவ்வளவு தடிமன், மொத்தம் எத்தனை ஸ்லாட், எந்த ஸ்லாட்டிலிருந்து எந்த ஸ்லாட்டுக்குப் போயிருக்கிறது என்பதை உருவும்போதே குறித்துவைக்காவிட்டால் புதுசு கட்ட முடியாது. எல்லாக் கடையிலும் இதற்கு நோட்டு இருக்கும். அப்பாவின் நோட்டில் கடைசியாக ஒரு கட்டம் கூடுதலாக இருந்தது, தலைப்பு "ஏன்". எரிந்த காயிலைப் பார்த்தே அவர் காரணம் சொல்வார். மூணு ஃபேஸ், அதாவது மூன்று லைனில் வருகிற கரண்டில் ஓடுகிற மோட்டாரில் காயிலை இணைக்க ஸ்டார், டெல்டா என்று ரெண்டு முறை உண்டு. ஸ்டார் கனெக்‌ஷனில் ரெண்டு ஃபேஸ் காயில் கருகி ஒன்று மட்டும் புதுசு மாதிரி இருந்தால், ஒரு ஃபேஸ் வராமலேயே மோட்டார் ஓடியிருக்கிறது. டெல்டா என்றால் ஒன்று கருகும், ரெண்டு தப்பிக்கும். எல்லாமே ஒரே சீராகக் கருகியிருந்தால் ஓவர்லோடோ லோ வோல்டேஜோ. அந்தக் கட்டத்தில் "பியூஸ் ஒண்ணு போயிருக்கு", "பிரிவெண்டரைக் கழட்டிட்டு ஓட்டியிருக்கான்", "பேரிங் டைட்" என்று அவர் கையெழுத்தில் இருக்கும். பிரிவெண்டர் என்பது ஒரு ஃபேஸ் வராவிட்டால் மோட்டாரைத் தானாக நிறுத்திவிடுகிற கருவி. காரணத்தைச் சரிசெய்யாமல் மோட்டாரை மாட்ட மாட்டேன் என்று உடைமைக்காரர் வாக்குக் கொடுத்த பிறகுதான் வண்டியில் ஏற்றவே விடுவார்.

2012 வாக்கில் தமிழ்நாட்டில் சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பாதி நேரம் கரண்ட் இல்லாமல் இருந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். மூணு ஃபேஸ் கரண்ட் வருகிற கொஞ்ச நேரத்தில் எல்லாக் கிணற்றிலும் ஒன்றாக மோட்டாரைப் போடுவார்கள், வோல்டேஜ் இறங்கும், காயில் எரியும். கடை வாசலில் மோட்டார் வரிசை கட்டிக் கிடந்த காலம் அது, எங்கள் வீட்டில் கையில் காசில்லாத காலமும் அதுதான். தண்ணீரில்லாமல் மிளகாய்ச் செடி வாடி நிற்கிறவனிடம் அப்பா கூலி கேட்க மாட்டார், கம்பிக் காசு மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார். அம்மா இதற்காக அவரோடு சண்டை போட்டது எனக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கூலி பாக்கியில் ஒரு பகுதியை, எந்த நோட்டிலும் எழுதப்படாத பாக்கியை, துட்டி கேட்க வந்த இடத்தில் அம்மா கையில் கொடுத்துவிட்டுப் போனவர்கள் இருக்கிறார்கள்.

எரிந்த செம்புக் கம்பி விஷயமும் அப்படித்தான் தெரிய வந்தது. பழைய கம்பிக்கு நல்ல விலை உண்டு. அதைப் பற்றி வாடிக்கையாளருக்குத் தெரியாவிட்டால் கடைக்காரர் பேசாமல் வைத்துக்கொள்ளலாம், கேட்பார் இல்லை. அப்பா உருவின கம்பியை உடைமைக்காரர் கண் முன்னாலேயே தராசில் போட்டு, அன்றைய விலைக்குக் கணக்குப் பார்த்துப் பில்லில் கழித்துவிடுவாராம். இதை எங்களிடம் சொன்னவர்கள் ஒருவரல்ல, வந்தவர்களில் பாதிப் பேர் ஏதோ ஒரு விதத்தில் அந்தத் தராசைப் பற்றிப் பேசினார்கள். வீட்டில் அவர் இதை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை, அவருக்கு அது சொல்லிக்கொள்கிற விஷயமாகவே தோன்றியிருக்காது.

அம்மாவைப் பற்றித்தான் எனக்கு நிறைய எழுத ஆசை. கல்யாணத்துக்கு முன்னால் அம்மா தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவர், சட்டத்தில் குச்சி அடுக்குவதில் வேகமான கை. கல்யாணத்துக்குப் பிறகு அப்பா ஒரு கை மிஷினை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்து, காயில் சுற்றக் கற்றுக்கொடுத்தார். காயிலுக்கு வடிவம் கொடுக்கிற, மரத்தில் செய்த ஃபார்மர் என்கிற அச்சை மிஷினில் மாட்டி, கைப்பிடியைச் சுற்றச் சுற்றக் கம்பி ஒழுங்காக ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக விழ வேண்டும், சுற்று எண்ணிக்கை ஒன்றுகூடப் பிசகக் கூடாது, கம்பி மேல் பூசியிருக்கிற எனாமல் உரசக் கூடாது. நாங்கள் பள்ளிக்கூடம் போன பிறகு அம்மா சுற்றிக் கட்டி வைக்கிற காயில்களை மத்தியானம் சாப்பிட வரும்போது அப்பா பையில் போட்டு எடுத்துக்கொண்டு போவார். கடைக்கு அம்மா போனதே இல்லை. ஊருக்குள் அந்தக் கடை அப்பாவின் கடை, அவருடைய கைராசி.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ குருவிகுளம் பக்கத்திலிருந்து ஒரு சம்சாரி வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டு, "அந்தம்மாவை ஒரு நிமிஷம் பாக்கணும்" என்றார். அம்மா வெளியே வந்ததும் கும்பிட்டுவிட்டுச் சொன்னார், "எம் மோட்டாரு பன்னெண்டு வருசமா ஓடுதும்மா. அன்னைக்குத் தூக்கிவிடும்போது அண்ணாச்சி சொன்னாரு, இது எங்க வீட்டம்மா சுத்தின காயிலு, நீங்க எரிச்சாத்தான் எரியும், தானா எரியாதுன்னு. எல்லார்ட்டயும் அப்படித்தான் சொல்லுவாரு." அம்மா ஒன்றும் பேசவில்லை, அவரை உட்காரச் சொல்லிக் காபி போட உள்ளே போய்விட்டார். அப்பா இப்படி வெளியில் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது அம்மாவுக்கே அன்றைக்குத்தான் தெரியும். இத்தனை வருஷக் குடித்தனத்தில் வீட்டில் அவர் பாராட்டியதெல்லாம், "இன்னைக்குக் காயில் சரியா இருந்துச்சு", அவ்வளவுதான். நோட்டில் நான் முழுசாக எழுதி வைத்திருக்கிற பக்கம் அதுதான்.

அதனால் இறந்தவரின் வேலையைப் பற்றி விசாரிக்கும்போது அந்த வேலையில் அவரோடு யார் யார் இருந்தார்கள் என்றும் கேளுங்கள். கடைத் தம்பி, பக்கத்து டீக்கடைக்காரர், கம்பி விற்கிற கடைக்காரர், தூக்கிவிடுகிற லோடுமேன். எங்கள் கடைத் தம்பி பதினைந்து வயசில் வந்து சேர்ந்தவன். வருஷா வருஷம் மே மாதத்தில் லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஹாக்கிப் போட்டி நடக்கிற நாட்களில் அப்பா சாயங்காலமே கடையை அடைத்துவிட்டு அவனையும் கூட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போய்விடுவாராம், அப்பா சின்ன வயசில் ஹாக்கி ஆடியவர் என்பதே அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அம்மாவிடம் மட்டும் முதல் வாரங்களில் எதையும் கேட்கவில்லை. பிறகு கீரை ஆய்கிற நேரம், துணி மடிக்கிற நேரம் என்று கை வேலையாக இருக்கும்போது சின்னச் சின்னதாகக் கேட்டேன். கல்யாணம் பேசி முடித்தது யார், முதலில் வாடகைக்கு இருந்த வீடு எந்தத் தெரு, அந்தக் கை மிஷின் என்ன விலை. சம்மதம் கேட்டுவிட்டு போனில் ரெக்கார்டு போட்டுப் பக்கத்தில் வைத்துவிடுவேன். அப்பாவுடைய கோபத்தை விட்டுவிட்டு எழுதாதே என்று அம்மாதான் சொன்னார். "அவரு சத்தம் போடாத நாளு எது? அதையும் எழுது, இல்லேன்னா படிக்கிறவுக இது யாருன்னு கேப்பாக." பிரிவெண்டரைக் கழற்றிவிட்டு மூன்றாவது தடவை மோட்டாரை எரித்துக்கொண்டு வந்தவரைக் கடை வாசலில் வைத்து ஊர் கேட்கத் திட்டியதும், அவர் ரோஷப்பட்டு வேறு கடைக்குப் போய்விட்டு ஆறு மாதத்தில் திரும்பி வந்ததும் அப்படித்தான் நோட்டில் ஏறியது.

சரி, நடைமுறைக் காரியங்களுக்கு வருகிறேன்.

கடை வைத்திருந்தவர் என்றால் முதல் வேலை அடுத்தவர் பொருளைத் திருப்பிக் கொடுப்பது. கடையில் பாதி வேலையில் கிடந்த மோட்டார் ஒவ்வொன்றிலும் அட்டைத் துண்டில் பெயரும் ஊரும் எழுதிக் கட்டியிருந்தது. ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, தம்பி கட்டிக் கொடுத்தால் போதுமா, இல்லை அப்படியே எடுத்துக்கொள்கிறீர்களா, அட்வான்ஸ் எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்டோம். பயிர் நேரத்தில் மோட்டார் முடங்கிக் கிடந்தால் அவர்களுக்கு நஷ்டம், காரியம் முடியட்டும் என்று காத்திருக்க வைப்பது நியாயமில்லை.

இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. ஆஸ்பத்திரியில் இறந்தால் அவர்களே தகவல் அனுப்புவார்கள், வீட்டில் இறந்தால் நாம்தான் போய்ச் சொல்ல வேண்டும். 30 நாள் தாண்டினால் எழுத்துமூல அனுமதி, ஒரு வருஷம் தாண்டினால் மாஜிஸ்திரேட் உத்தரவு வரை இழுக்கும். சான்றிதழில் பெயரும் இனிஷியலும் ஆதாரில் இருக்கிற மாதிரியே இருக்கிறதா என்று வாங்குகிற இடத்திலேயே எழுத்தெழுத்தாகப் பாருங்கள், ஒரு புள்ளி மாறினாலும் பிறகு ஒவ்வொரு மேஜையிலும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், விஏஓ, வருவாய் ஆய்வாளர் விசாரணை முடிந்து தாசில்தார் கொடுப்பார். இந்துக் குடும்பங்களில் பலரும் மறக்கிற ஒன்று, உயில் எழுதாமல் ஆண் இறந்தால் 1956-ம் வருஷ இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள்களோடு இறந்தவரின் தாயாருக்கும் சம பங்கு உண்டு. எங்கள் ஆச்சி உயிரோடு இருக்கிறார். மகனைப் பறிகொடுத்த ஆச்சியை ஓரமாக உட்காரவைத்துவிட்டுக் கையெழுத்துக்கு மட்டும் கூப்பிடுவது பல வீடுகளில் நடக்கிறது. ஆச்சி பெயரை முதலிலேயே விண்ணப்பத்தில் எழுதி, அது என்ன காகிதம் என்று அவருக்கு வாசித்தும் காட்டினோம்.

வங்கியில் நாமினி இருந்தால் தேவையான காகிதங்கள் கொடுத்து 15 நாட்களுக்குள் கோரிக்கையை முடிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொள்கிறவர்தான், வாரிசுகளின் உரிமை அதனால் போய்விடாது, இதை அண்ணன் தம்பி எல்லாரும் இருக்கும்போதே பேசிவிடுவது நல்லது. அப்பாவின் ஏடிஎம் கார்டும் பின் நம்பரும் கையில் இருக்கிறது என்று அதில் பணம் எடுக்க வேண்டாம், பிறகு கணக்குக் கேட்டால் மனஸ்தாபம்தான் மிஞ்சும்.

அவருடைய போனை அழிக்காதீர்கள், யாருக்கும் தூக்கிக் கொடுக்காதீர்கள். ப்ரீபெய்டு நம்பர் 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாமல் கிடந்தால் கம்பெனி நிறுத்திவிடலாம், அதற்கப்புறம் அந்த நம்பர் வேறொருவருக்குப் போகும். வாட்ஸ்அப் கணக்கு 120 நாள் சும்மா கிடந்தால் அழிந்துபோகலாம். அவர் அனுப்பின வாய்ஸ் மெசேஜ்களை வெளியே எடுத்து இரண்டு இடத்தில் வைத்துவிடுங்கள். "தாயி, சாப்பிட்டியா, சும்மாதான் போட்டேன்" என்கிற ஒரு சின்ன மெசேஜ்கூட இன்றைக்கு எங்களுக்குப் பெரிசு. பழைய போட்டோக்களை ஆல்பத்திலிருந்து பிய்க்க வேண்டாம், வாசல் திண்ணை மாதிரி வெளிச்சம் இருந்தும் வெயில் படாத இடத்தில் வைத்து ஃபிளாஷ் இல்லாமல் போனிலேயே படம் எடுக்கலாம். அதில் இருப்பவர்கள் யார் என்பதை ஆச்சியும் அம்மாவும் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள். தனியாக இருக்கிற போட்டோ என்றால் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஊறி முன்பக்கத்துக்கு வந்துவிடும்.

முதல் வருஷ நினைவு நாளுக்கு அந்த நோட்டில் இருந்ததையெல்லாம் ஒரு சின்னப் புத்தகமாகப் போட்டோம். சிவகாசி பக்கத்திலேயே இருக்கிறது, அச்சுக்கு எங்களுக்குக் கவலையில்லை. பக்கங்கள் எட்டின் மடங்கில் வந்தால் தாள் வீணாகாது என்றார்கள், பதினாறு பக்கமாக அடக்கினோம். யூனிகோடில் அடித்து, பிடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள், அச்சகத்தின் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது எழுத்துகள் உடைந்துபோகும். ஒவ்வொருவர் சொன்னதையும் போடுவதற்கு முன்னால் போனில் வாசித்துக் காட்டிச் சம்மதம் வாங்கினோம். பாக்கி வைத்தவர்கள், பாக்கியைத் திருப்பிக் கொடுத்தவர்கள் பெயரைப் போடவில்லை, மூன்று தடவை மோட்டாரை எரித்தவர் பெயரையும் போடவில்லை, அவர் மட்டும் போன் செய்து "எம் பேரைப் போடலாம்ல" என்று கேட்டார். அப்பாவின் காயில் நோட்டுகளைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வைத்துக்கொண்டு மூல நோட்டுகளைக் கடைத் தம்பியிடமே கொடுத்துவிட்டோம். கடையை இப்போது அவன்தான் நடத்துகிறான், அப்பா கட்டின மோட்டார் திரும்ப வந்தால் அந்தச் சுற்றுக் கணக்கு அவனுக்குத்தான் வேண்டும். அம்மா இன்னும் அவனுக்குக் காயில் சுற்றிக் கொடுக்கிறார், இப்போது கூலிக்கு, ஒவ்வொரு சனிக்கிழமையும் அவன் வீட்டுக்கு வந்து கணக்கு முடித்துக் கொடுத்துவிட்டுப் போகிறான்.